பயாப்ஸில "கேன்சருக்கு முந்தின நிலை"ன்னு வந்துருக்கு, யூட்ரஸ் எடுத்தப்புறம் கேன்சர்னு மாறுமா?

மகள்_ஒருத்தி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதறது இதான் முதல் தடவ. அம்மாவுக்கு 58 வயசு, பீரியட்ஸ் நின்னு ஏழு வருஷம் ஆச்சு. ரெண்டு மாசமா உள்பாவாடைல துளித்துளியா கறை பட்டுருக்கு, யார்கிட்டயும் மூச்சு விடல, தானே துவைச்சு காயப்போட்டு மடிச்சு வச்சுருக்காங்க. நான் ஒரு நாள் துணி எடுக்கும்போது கவனிச்சு கேட்டேன், "சூடா இருக்கும்"னாங்க. அடம் புடிச்சு கூட்டிட்டு போனேன். ஸ்கேன்ல யூட்ரஸோட உள்வரி 17 மிமீ தடிமன். அங்கேயே மெல்லிசா ஸ்ட்ரா மாதிரி ஒரு குழாய விட்டு உறிஞ்சி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினாங்க, ரிப்போர்ட்ல அட்டிபிக்கல் ஹைப்பர்பிளேசியா, அதாவது உள்வரி செல்லுங்க தாறுமாறா மாறிப் பெருகறதாம், பக்கத்துல கோடு போட்டு அதோட இன்னொரு பேரு ஈஐஎன்னு இருக்கு. டாக்டர் "கேன்சர் இல்ல, விட்டா கேன்சராகும், யூட்ரஸ எடுத்துடலாம்"னு சொல்லி மூணு மாசம் தள்ளி ஒரு தேதி குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து எல்லாரும் அப்பாடான்னு உக்காந்தோம். ராத்திரி அண்ணன் போன் பண்ணி, "நான் படிச்சேன், இந்த ரிப்போர்ட் வந்தவங்கள்ல பத்துல நாலு பேருக்கு யூட்ரஸ எடுத்து பாத்தா உள்ள ஏற்கனவே கேன்சர் இருந்துருக்காம்"னு சொல்றான். இது நிஜமா? நிஜம்னா பயாப்ஸி எதுக்கு எடுத்தாங்க? மூணு மாசம் காத்திருக்கலாமா கூடாதா? தூக்கமே வரல.

அவசரக்குடுக்கை:
சிஸ்டர், முதல்ல அண்ணன் கையில இருந்து போன புடுங்குங்க. ராத்திரி பதினொரு மணிக்கு கூகுள் பண்ணா தலைவலி கூட மூளைக்கட்டின்னு தான் வரும். டாக்டர் கேன்சர் இல்லன்னு வாயால சொன்னாங்கல்ல? என் மச்சினிச்சிக்கும் இதே தான், எடுத்தாங்க, ஒண்ணும் இல்ல, இப்ப ஜம்முனு இருக்கா.

செவ்வந்தி:
ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மச்சினிச்சிக்கு ஒண்ணும் இல்லாம போனதுல சந்தோஷம், ஆனா அத வச்சு இவங்களுக்கு ஆறுதல் சொல்லாதீங்க. நான் அந்த "பத்துல நாலு"ல ஒருத்தி.

எனக்கு அப்ப 51. இதே ரிப்போர்ட், இதே வார்த்தை. "கேன்சர் வராம இருக்க எடுக்கறோம்"னு தான் சொன்னாங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சுருந்தேன். சாதாரண கைனக் டாக்டர், லேப்ராஸ்கோப்பி, மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு தையல் பாக்கப் போனப்ப தான் ஃபைனல் ரிப்போர்ட் கவர கையில குடுத்தாங்க. துணைக்கு ஆள் கூட்டிட்டு போகல, எதுக்கு, வெறும் தையல் தானே. லிஃப்டுக்கு நின்னுட்டு இருக்கும்போது பிரிச்சேன். அடினோகார்சினோமா, கிரேடு 2 (செல் எவ்ளோ மாறிப்போச்சுங்கற அளவு), யூட்ரஸ் தசைல பாதிக்கு மேல இறங்கிருக்குன்னு இருந்துச்சு. லிஃப்ட் வந்து கதவு திறந்து மூடிப் போச்சு, நான் ஏறவே இல்ல.

கேன்சர் இருந்தது கூட ஒரு பக்கம். அது எவ்ளோ தூரம் போயிருக்குன்னு பாக்க நெறிக்கட்டிய சோதிக்கணும், அந்த லிம்ஃப் நோடு தான். யூட்ரஸ் உள்ள இருக்கும்போதே டைன்னு ஒரு சாய மருந்து போட்டு முதல் நோட மட்டும் கண்டுபுடிச்சு எடுக்கற வசதி இருக்கு, ஆனா எனக்கு யூட்ரஸே போயிடுச்சே, டைய எங்க போடறது? அதனால ரெண்டாவது ஆபரேஷன், ரெண்டு பக்கமும் நோடு மொத்தமா எடுத்தாங்க. நோடுல ஒண்ணும் இல்ல, நல்லது. ஆனா இடது கால் வீங்கிக்கிச்சு, நாலு வருஷம் ஆச்சு, சாயங்காலம் ஆனா செருப்பு வார் மாட்டாது, இறுக்கமான ஸ்டாக்கிங் போட்டு தான் நடக்கறேன். முன்னாடியே ஒரு வார்த்தை, "உள்ள கேன்சர் இருந்தாலும் இருக்கலாம், இருந்தா என்ன பண்றதுன்னு இப்பவே யோசிச்சுக்குவோம்"னு சொல்லிருந்தா ரெண்டாவது தடவ என்னைய வெட்டிருக்க வேண்டியதில்ல.

மகள்_ஒருத்தி:
அக்கா படிச்சதும் கை நடுங்குது. ஆனா சொன்னதுக்கு நன்றி. இந்த டை விஷயம் எங்க டாக்டர் சொல்லவே இல்ல.

ஸ்லைடுக்காரி:
நான் பேத்தாலஜிஸ்ட், தினமும் இந்த ஸ்லைடுகளோட தான் குடித்தனம், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

அண்ணன் சொன்னது கட்டுக்கதை இல்ல. அமெரிக்கால கைனக்காலஜிக் ஆங்காலஜி க்ரூப் பண்ண ஆய்வு அது, 2006ல வந்துச்சு. அட்டிபிக்கல் ஹைப்பர்பிளேசியான்னு ரிப்போர்ட் வந்த பெண்களுக்கு நடுவுல வேற எந்த சிகிச்சையும் குடுக்காம 12 வாரத்துக்குள்ள யூட்ரஸ எடுத்து பாத்தாங்க. கணக்குல வந்தவங்க 289 பேர், அதுல 123 பேருக்கு கேன்சர் இருந்துச்சு, அதாவது 43 சதவீதம் கிட்ட. பன்னெண்டு வாரத்துல இத்தன பேருக்கு புதுசா முளைச்சிருக்க வாய்ப்பே இல்ல, பயாப்ஸி எடுத்த அன்னைக்கே பெரும்பாலும் உள்ள இருந்துருக்கு, பயாப்ஸி குழாய்க்கு மாட்டல, அவ்ளோதான். அந்த 123 பேர்ல 38 பேருக்கு தசைக்குள்ள இறங்கியிருந்துச்சு, அதுலயும் 13 பேருக்கு தசையோட வெளிப்பாதி வரைக்கும். அதுக்கப்புறம் வந்த பல ஆய்வுகள சேர்த்துப் பாத்தா மூணுல ஒரு பங்கு பக்கம் நிக்குது. எப்படிப் பாத்தாலும் "அபூர்வம்"னு சொல்ற எண்ணிக்கை இல்ல.

அப்போ பயாப்ஸி எதுக்குன்னு கேட்டீங்க. அந்தக் குழாய் 3 மிமீ தடிமன் தான். உள்ள ஒரு பிஸ்டன் மாதிரி இருக்கும், இழுத்தா உறிஞ்சும். கர்ப்பப்பையோட உள்சுவர் முழுசையும் அது தொடாது, போற வழில என்ன ஒட்டுதோ அத எடுத்துட்டு வரும். எங்ககிட்ட வந்து சேரும்போது ஃபார்மலின் பாட்டில்ல புளியங்கொட்டை அளவு கூட இருக்காது, ரத்தமும் சளியும் கலந்து சின்னச் சின்ன நூல் துணுக்கா மிதக்கும். டி அண்ட் சி பண்ணா முழுசா சுரண்டிடுவாங்கன்னு நினைப்போம், அதுவும் இல்ல, பல பேருக்கு பாதிக்கும் கம்மியான இடம் தான் சுரண்டப்படுதுன்னு 1970கள்லயே காட்டிட்டாங்க.

இப்ப ஸ்லைடுல என்ன தெரியும்னு சொல்றேன். நல்ல உள்வரில சுரப்பிகள் தள்ளித் தள்ளி இருக்கும், நடுவுல ஸ்ட்ரோமான்னு ஒரு திசு மெத்தை மாதிரி நிரம்பியிருக்கும். ஈஐஎன்ல சுரப்பிங்க நெருக்கியடிச்சு நிக்கும், மெத்தைய விட சுரப்பி பரப்பு ஜாஸ்தி, அந்த இடத்து செல்லோட முகமே பக்கத்து செல்லுல இருந்து வேற மாதிரி இருக்கும். கேன்சர்ல அந்த மெத்தையே காணாம போயிடும், சுரப்பியும் சுரப்பியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா தெரியும். புத்தகத்துல ரெண்டுக்கும் தெளிவா படம் போட்டுருக்கும். துணுக்கு துணுக்கா வந்த சாம்பிள்ல மெத்தை நிஜமாவே இல்லையா, உறிஞ்சும்போது பிஞ்சு போச்சான்னு சில நாள் தலைய பிச்சுக்கணும். தசைக்குள்ள இறங்கியிருக்கான்னு சொல்லவே முடியாது, ஏன்னா அந்தக் குழாய் தசைய எடுக்கறதே இல்ல.

அதனால நாங்க "கேன்சர் இல்ல"ன்னு எழுதறது இல்லங்க. எங்களுக்கு வந்த துண்டுல கேன்சர் தெரியலன்னு தான் அதுக்கு அர்த்தம். டாக்டர் ரூம்ல இருந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள அது "கேன்சர் இல்லையாம்"னு ஆயிடுது.

நடுநிலை:
மேடம் விளக்கத்துக்கு நன்றி, ஆனா ஒரு கேள்வி. இந்த 43 சதவீதத்த எல்லா இடத்துலயும் மேளம் அடிச்சு சொல்றாங்க. ரிப்போர்ட் எழுதினவங்களே தப்பா எழுதியிருந்தா? அதாவது முதல் ஸ்லைடுலயே கேன்சர் இருந்து அத ஹைப்பர்பிளேசியான்னு படிச்சிருந்தா, அது மறைஞ்சிருந்த கேன்சர் இல்லையே, தவறவிட்ட கேன்சர் தானே? ஒரு சாதாரண வீட்டுப் பொண்ண இப்படி நம்பர் சொல்லி பயமுறுத்தறது சரின்னு படல.

ஸ்லைடுக்காரி:
நல்ல எடத்துல கைய வச்சீங்க. அதே ஆய்வுல இன்னொரு வேலையும் பண்ணாங்க. அந்த பயாப்ஸி ஸ்லைடுகள மூணு அனுபவசாலி பேத்தாலஜிஸ்ட்டுங்க திரும்பப் பாத்தாங்க. அட்டிபிக்கல் ஹைப்பர்பிளேசியா தான்னு ஒத்துக்கிட்டது 40 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. கால்வாசிப் பேருக்கு "இது அவ்ளோ மோசம் இல்ல"ன்னாங்க. 29 சதவீதம் பேருக்கு "இது அப்பவே கேன்சர்"னாங்க. மீதில அவங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. எங்க ஆளுங்கள நானே காட்டிக்குடுக்கற மாதிரி இருக்கு, ஆனா உண்மை அதான். ரெண்டு பக்கமும் தப்பு நடக்கும். நீங்க சொல்ற தவறவிட்டதும் உண்டு, குழாய்க்கு மாட்டாததும் உண்டு, எடுத்து பாத்தா ஒண்ணுமே இல்லாததும் உண்டு. அவசரக்குடுக்கை சாரோட மச்சினிச்சி அந்த கடைசி கூட்டமா இருக்கலாம்.

இதுல பயமுறுத்த என்ன இருக்குன்னு எனக்குப் புரியல. இதுக்கு செய்ய வேண்டியது ரொம்ப சின்ன வேலை, ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்லைட இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. லேப்ல போய் ஸ்லைடும் பிளாக்கும் வேணும்னு கேளுங்க. பிளாக்குன்னா தபால்தலை அளவுல ஒரு பிளாஸ்டிக் கூடு, அதுல மெழுகுக்குள்ள உங்க அம்மாவோட துணுக்கு பதிஞ்சிருக்கும், மேல ஒரு நம்பர் எழுதிருக்கும். அத பெண்களுக்கான கேன்சர் ஸ்லைட தினமும் பாக்கற பேத்தாலஜிஸ்ட்கிட்ட குடுங்க. வெயில்ல கார் சீட்டுல போட்டுட்டு போயிடாதீங்க, மெழுகு உருகும், சிரிக்காதீங்க, நடந்துருக்கு.

நடுநிலை:
சரி, இது நியாயமா இருக்கு. வாபஸ் வாங்கிக்கறேன்.

தியேட்டர்_அக்கா:
நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், 19 வருஷம். செவ்வந்தி எழுதினது படிச்சு மனசு கஷ்டமா போச்சு. மகளே, டாக்டர்கிட்ட போகும்போது இத கேளு, கூச்சப்படாத.

யூட்ரஸ முழுசா எடுப்பீங்களா, உள்ளேயே துண்டு போடுவீங்களான்னு கேளு. பெரிய யூட்ரஸ சின்ன ஓட்டை வழியா எடுக்க மார்சலேட்டர்னு ஒரு மிஷின் வச்சு அரைச்சு எடுக்கறது உண்டு. உள்ள கேன்சர் இருந்து தொலைச்சா வயிறு பூரா விதைச்ச மாதிரி ஆயிடும். 2014ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இதுக்கு எச்சரிக்கை விட்டப்புறம் தான் பல பேர் உஷாரானாங்க. இந்த ரிப்போர்ட் வந்தவங்களுக்கு அந்த மிஷின் பக்கமே போகக்கூடாது. அதே மாதிரி கர்ப்பப்பை கழுத்த விட்டுட்டு மேல்பாகத்த மட்டும் எடுக்கறதும் வேண்டாம். உள்வரிய சுட்டுப் பொசுக்கிடலாம், யூட்ரஸ் தப்பிக்கும்னு யாராவது சொன்னா அதுவும் வேண்டாம், பொசுக்கினா பின்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபுடிக்க முடியாம போயிடும்.

அப்புறம் ஃப்ரோஸன் இருக்கான்னு கேளு. யூட்ரஸ எடுத்த உடனே நாங்க டிரேல வச்சு பேத்தாலஜிக்கு ஓடுவோம், அவங்க நெடுக்க வெட்டி திறந்து பாத்து, சந்தேகப்படற எடத்த உறைய வச்சு மெல்லிசா சீவி, அரை மணி நேரத்துக்குள்ள போன்ல சொல்லுவாங்க. பேஷண்ட் இன்னும் மயக்கத்துல தான் இருப்பாங்க, சர்ஜன் கையக் கட்டிட்டு நிப்பாரு. அந்த போன் வர்ற வரைக்கும் தியேட்டர்ல யாரும் சத்தமா பேசமாட்டோம்.

ஸ்லைடுக்காரி:
ஃப்ரோஸன முழுசா நம்பிடாதீங்கன்னு சேத்துக்கறேன். அரை மணி நேரத்துல ரெண்டு மூணு எடம் தான் பாக்க முடியும், சின்னதா இருந்தா நழுவிடும். இதோட ஃபைனல் ரிப்போர்ட்டுக்கு நாங்க உள்வரி மொத்தத்தையும் வரிசையா நறுக்கி பிளாக் பிளாக்கா போட்டுப் பாப்போம், நாலு நாள் வேலை. "உள்வரி முழுசும் பரிசோதிக்கப்பட்டது"ன்னு ரிப்போர்ட்ல இருக்கான்னு பாருங்க.

தியேட்டர்_அக்கா:
ஆமா மேடம் சொல்றது சரி. அதனால தான் டை. இண்டோசயனின் க்ரீன்னு பச்சை மருந்து, யூட்ரஸ எடுக்கறதுக்கு முன்னாடியே கர்ப்பப்பை கழுத்துல ரெண்டு பக்கமும் ஊசில போடுவாங்க. கொஞ்ச நேரத்துல அது நிணநீர் குழாய் வழியா ஊர்ந்து போய் முதல் நோடுல, சென்டினல் நோடுன்னுவாங்க, அதுல தேங்கும், ஸ்பெஷல் கேமராவ ஆன் பண்ணா இருட்டுக்குள்ள மின்மினி மாதிரி மின்னும். அந்த ஒண்ணு ரெண்ட மட்டும் எடுத்துக்கிட்டா போதும், மொத்தமும் வழிக்க வேண்டாம்.

குட்டிப்புலி:
மன்னிக்கணும் குறுக்க வர்றேன். எனக்கு 33, பிசிஓஎஸ், வருஷத்துக்கு மூணு பீரியட்ஸ் வந்தா அதிசயம். கொழந்தைக்காக டெஸ்ட் பண்ணும்போது இதே ரிப்போர்ட் வந்துச்சு. யூட்ரஸ எடுத்துடுன்னு ஒரு டாக்டர், ஹார்மோன் காயில் வச்சு பாக்கலாம்னு இன்னொருத்தர். இந்த இழைய படிச்சதுல இருந்து என் உள்ள ஏற்கனவே கேன்சர் இருந்தா என்ன பண்றதுன்னு தான் ஓடுது. காயில் வச்சா அது மறைஞ்சே வளந்துடாதா?

ஸ்லைடுக்காரி:
பயம் நியாயம் தான்மா, அதனால தான் உங்க விஷயத்துல ஆரம்பத்துலயே கூடுதலா தேடணும். வெறும் குழாய் பயாப்ஸிய மட்டும் நம்பி காயில் வைக்கக்கூடாது. ஹிஸ்டரோஸ்கோப்பி பண்ணி கேமரால உள்ள பாத்து, சந்தேகமான எடத்துல குறிவச்சு எடுக்கணும், இப்படி எடுக்கும்போது தவறவிடறது நல்லா குறையுது. எம்ஆர்ஐ எடுத்து தசைல இறங்கல, சூலகத்துல எதுவும் இல்லன்னு பாத்துக்கணும். ஸ்லைட ரெண்டாவது கருத்துக்கு அனுப்பணும், உங்களுக்கு இது மகள்_ஒருத்தி அம்மாவ விட இன்னும் முக்கியம், ஏன்னா உங்க யூட்ரஸ யாரும் எடுத்து திறந்து பாக்கப்போறதில்ல.

இதெல்லாம் சரியா இருந்தா லெவோநார்ஜெஸ்ட்ரல்ங்கற ஹார்மோன் காயில் தான் முதல் தேர்வுன்னு பிரிட்டன் மகப்பேறு கல்லூரியோட 2016 வழிகாட்டுதல் சொல்லுது. உங்க உடம்புல ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செஞ்சுட்டே இருக்கு, முட்டை வெளிய வராததால புரோஜெஸ்டிரோன் வர்றதே இல்ல, உள்வரி "வளரு வளரு"ங்கற ஒரே உத்தரவ வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்கு. காயில் உள்ளேயே உக்காந்து "போதும் நிறுத்து"ன்னு சொல்லும். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு பயாப்ஸி, தொடர்ந்து ரெண்டு தடவ நல்லா வர்ற வரைக்கும், அப்புறமும் விடாம கண்காணிப்பு. கொழந்தை பெத்து முடிச்சப்புறம் யூட்ரஸ எடுத்துக்கறது நல்லதுன்னும் அதே வழிகாட்டுதல் சொல்லுது. வலிக்குது, வேலை இருக்குன்னு பயாப்ஸிய தள்ளிப்போட்டவங்க ஸ்லைடும் என்கிட்ட வந்துருக்கு.

குட்டிப்புலி:
ஹிஸ்டரோஸ்கோப்பி யாரும் சொல்லல எனக்கு. நாளைக்கே கேக்கறேன். நன்றி மேம், நெஜமா.

வெண்ணிலவு77:
எனக்கு ஹைப்பர்பிளேசியா வித்தவுட் அட்டிபியான்னு வந்துருக்கு, நானும் யூட்ரஸ எடுக்கணுமா??? அழுகையா வருது

ஸ்லைடுக்காரி:
கண்ணைத் தொடைங்க. "வித்தவுட்"ங்கற அந்த ஒரு வார்த்தை தான் எல்லாமே, அட்டிபியான்னா செல் தாறுமாறா மாறறது, அது உங்களுக்கு இல்ல. உங்களோடதுக்கு 20 வருஷத்துல கேன்சராகற வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கம்மி, அட்டிபியா இருந்தா 28 சதவீதம் பக்கம். பெரும்பாலும் மருந்துலயே, காயில்லயே சரியாகும். முன்னாடி இத நாலு வகையா பிரிச்சு சிம்பிள், காம்ப்ளெக்ஸ்னு எழுதி எல்லாரையும் குழப்பினோம், 2014ல உலக சுகாதார நிறுவனம் ரெண்டா சுருக்கிடுச்சு, அட்டிபியா இருக்கா இல்லையா, அவ்ளோதான். உங்க கேள்விக்கு தனி இழை போடுங்க, இங்க கலந்தா மத்தவங்க பயந்துக்குவாங்க.

அவசரக்குடுக்கை:
சரி சரி, நான் தான் அவசரப்பட்டுட்டேன், பேர் பொருத்தம். ஆனா ஒரு விஷயம் இடிக்குது. அப்போ இந்த ரிப்போர்ட் வந்த எல்லாருக்கும் பச்சை மருந்து போட்டு நோடு எடுத்துடலாமே? ஏன் எடுக்கறதில்ல?

செவ்வந்தி:
அத தான் நான் நாலு வருஷமா கேக்கறேன்.

ஸ்லைடுக்காரி:
இதுல டாக்டருங்களுக்குள்ளயே அடிதடி ப்ரோ. ஒரு பக்கம், கேன்சர் இருந்தாலும் பெரும்பாலும் கிரேடு 1, மேலாப்புல இருக்கறது, நோடுக்கு போயிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, தேவையில்லாம எல்லாரையும் ஏன் நோண்டணும், சென்டினல்லயும் கால் வீக்கம் கொஞ்சம் பேருக்கு வரத்தான் செய்யுது. இன்னொரு பக்கம், யூட்ரஸ் போயிட்டா அந்த வாய்ப்பு திரும்ப வராது, செவ்வந்தி மாதிரி ஆயிடும். டை சரியா போய்ச் சேந்தவங்கள்ல, நோடுல பரவியிருந்தத 97 சதவீதம் புடிச்சுதுன்னு 2017ல ஃபயர்ஸ்ங்கற ஆய்வு காட்டினப்புறம் ரெண்டாவது பக்கத்துக்கு ஆள் கூடிடுச்சு. என்னைக் கேட்டா, வயசு கூட, மெனோபாஸ் ஆனவங்க, உள்வரி ரொம்பத் தடிமன், உடல் எடை ஜாஸ்தி, ரிப்போர்ட்ல "கேன்சர் இல்லன்னு சொல்ல முடியல"ங்கற மாதிரி இழுவை வாக்கியம் இருக்கு, இவங்களுக்கெல்லாம் கைனக் ஆங்காலஜிஸ்ட், அதாவது பெண்களுக்கான கேன்சர் சர்ஜன் ஒருத்தர் பக்கத்துல இருந்தா நல்லது. எடுக்கறதா வேண்டாமாங்கறத அவங்க முடிவு பண்ணட்டும். ஆனா அந்தப் பேச்சு மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி நடக்கணும். செவ்வந்திக்கு நடக்காம போனது அது தான்.

மகள்_ஒருத்தி:
எல்லாருக்கும் அப்டேட் சொல்றேன்.

ரிப்போர்ட்ட மறுபடி எடுத்து படிச்சேன். கடைசில சின்ன எழுத்துல "துணுக்குகள் சிதறலாக உள்ளதால் இதைவிட தீவிரமான மாற்றம் இருப்பதை மறுக்க இயலாது"ங்கற அர்த்தத்துல ஒரு வரி. அம்மா, நான், அண்ணன் மூணு பேரும் பாத்தோம், மூணு பேரு கண்ணும் அதத் தாண்டித்தான் போயிருக்கு. கைனக் ஆங்காலஜிஸ்ட்ட பாத்தோம். நான் பேப்பர்ல கேள்வி எழுதிட்டு போனேன், தியேட்டர் அக்கா சொன்னது அப்படியே. அவங்க பேப்பர வாங்கி படிச்சுட்டு "யாரு எழுதிக்குடுத்தது"ன்னு சிரிச்சாங்க. மார்சலேட்டர் கிடையாது, முழுசா கீழ்வழியா எடுப்போம், சூலகமும் சேத்து, சென்டினல் பண்ணுவோம்னாங்க. ஸ்லைட அவங்க பேத்தாலஜிஸ்ட் பாத்துட்டு, ஈஐஎன் தான், ஆனா ஒரு ஓரத்துல கேன்சரான்னு சந்தேகம்னு எழுதிருக்காங்க. மூணு மாசம்ங்கறத மூணு வாரமாக்கிட்டாங்க.

பழைய டாக்டர்கிட்ட சொன்னோம். கோவிச்சுக்குவாங்கன்னு நினைச்சேன், "போங்க, அதுவே நல்லது"ன்னாங்க. அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா முதல்லயே சொல்லிருக்கலாம்ல?

செவ்வந்தி:
சொல்லிருக்கலாம். தைரியமா இரு. தையல் பாக்கப் போகும்போது நீ கூடவே போ, தனியா விடாத.

தியேட்டர்_அக்கா:
என்னைக்குன்னு சொல்லு, நெனச்சுக்கறேன்.

மகள்_ஒருத்தி:
அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்ல நான் ஒருத்தி தான்.

இருந்துச்சு. 9 மிமீ, ஒரு மூலைல, ஃபலோப்பியன் குழாய் ஆரம்பிக்கற எடத்துக்கு பக்கத்துல. அங்க குழாய் பயாப்ஸி போயே இருக்காதுன்னாங்க. எண்டோமெட்ரியாய்டுங்கற வகை, கிரேடு 1, தசைல பாதிக்கும் கம்மியா தான் இறங்கிருக்கு, சென்டினல் நோடு ரெண்டு பக்கமும் சுத்தம். ஸ்டேஜ் 1ஏ. பி53ங்கற புரோட்டீன் டெஸ்ட் நார்மல், டிஎன்ஏ பிழைய சரிபண்ற எம்எம்ஆர் புரோட்டீன் நாலும் இருக்கு, அதனால லின்ச்சுன்னு பரம்பரையா வர்றதுக்கு வாய்ப்பு கம்மின்னாங்க. ரேடியேஷன் வேண்டாம், கீமோ வேண்டாம், செக்கப் மட்டும். ஃப்ரோஸன்ல அன்னைக்கு ஒண்ணும் தெரியல, ஸ்லைடுக்காரி மேம் சொன்னது தான், நாலு நாள் கழிச்சு முழுசா நறுக்கினப்ப தான் மாட்டிருக்கு. முதல்ல குடுத்த தேதி இன்னும் ஒரு மாசம் இருக்கு.

அம்மாகிட்ட டாக்டரே சொன்னாங்க, நானும் பக்கத்துல இருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் கைய பாத்துட்டே இருந்துட்டு "அப்போ இருந்துருக்கு"ன்னாங்க. அழல. வீட்டுக்கு வந்து படுக்கைல சாஞ்சுக்கிட்டு பெரியம்மாவுக்கு போன் போட்டாங்க. பெரியம்மாவுக்கு 64, காது வேற கேக்காது. "அக்கா, உனக்கு எங்கயாவது கறை படுதா? அட கறைக்கா, கறை, உள்பாவாடைல!"ன்னு கத்தினது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டுருக்கும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என்கிட்ட கூட மறைச்சவங்க.

பெரியம்மா கொஞ்சம் மழுப்பினாங்களாம். வியாழக்கிழமை ஸ்கேனுக்கு நான் தான் கூட்டிட்டு போறேன்.

ஸ்லைடுக்காரி:
அந்த மூலை எங்களுக்கும் தலைவலி பிடிச்ச எடம் தான். அம்மாவ நல்லா பாத்துக்கோங்க. பெரியம்மா ஸ்கேன்ல தடிமன் 4 மிமீ அல்லது அதுக்கு கீழ இருந்தா பெருசா கவலப்பட வேண்டாம், ஆனா கறை திரும்ப வந்தா திரும்ப காட்டணும். பயாப்ஸி எடுத்தா ரிப்போர்ட்டோட கடைசி வரிய முதல்ல படிங்க.

செவ்வந்தி:
ரெண்டு பக்கமும் சுத்தம்ங்கற வரிய மட்டும் மூணு தடவ படிச்சேன்.